சிப்பியைத் திருப்பிப் போடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். பரங்கிப்பேட்டையிலிருந்து காலாப்பட்டு வரைக்கும் படங்கள் வந்து குவிந்துவிட்டன. சந்தோஷம்தான், ஆனால் முக்கால்வாசிப் படங்களில் சிப்பியின் வெளிப்பக்கம் மட்டுமே இருக்கிறது. அதை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது சூதாட்டம். ஏன் என்று முதல் கேள்விக்கான பதிலிலேயே விரிவாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் சிப்பியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சில்வர் பீச்சில் தடிமனான வெள்ளைச் சிப்பி ஒன்று கிடைத்தது. மேலிருந்து ஓரம் வரை ஆழமான வரிகள். போனில் படம் எடுத்துத் தேடினால் ஒரு முறை காக்கிள் என்கிறது, அடுத்த முறை ரத்த மட்டி என்கிறது, இன்னொரு கோணத்தில் எடுத்தால் ஸ்காலப் என்கிறது. எதை நம்புவது சார்?
(கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: இரண்டாவது சொன்னதை நம்பலாம். ஆனால் அது சரியாகச் சொன்னதும் பாதி அதிர்ஷ்டம்தான்.

வரி வரியாக இருக்கும் ஓடு என்பது ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான அடையாளம் இல்லை. காக்கிள் குடும்பத்தில் வரி உண்டு, ரத்த மட்டி இருக்கிற ஆர்க்கிடே (சுருக்கமாக ஆர்க்) குடும்பத்தில் உண்டு, ஸ்காலப்பில் உண்டு, கார்டிட்டா என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது, அதிலும் உண்டு. வரி போட்ட ஓடு எளிதில் உடையாது, சேற்றிலும் மணலிலும் பிடிமானமும் கிடைக்கும், அதனால் சம்பந்தமே இல்லாத பல வம்சங்கள் தனித்தனியாக அந்த வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. போனுக்குத் தெரிவது வெளித்தோற்றம். சிப்பிக்குள்ளே ஒரு உயிர் வாழ்ந்த தடயம் முழுக்க உள்பக்கத்தில்தான் இருக்கிறது. நல்லவேளை, நீங்கள் அனுப்பியதில் ஒரு படம் உள்பக்கம்.

முதலில் தழும்பைத் தேடுங்கள். இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடுகிற தசை ஒட்டியிருந்த இடம் அது, வழவழப்பில் சுற்றியிருக்கும் பகுதியிலிருந்து கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரே ஒரு தழும்பு, அதுவும் நடுப்பக்கமாக இருந்தால் ஸ்காலப், கல்லில் ஒட்டும் ஆயிஸ்டர், இந்த மாதிரி வகைகள். இரு ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு இருந்தால் மட்டி, காக்கிள், ஆர்க் எல்லாம் அதில் வரும். உங்களுடையதில் இரண்டு தெரிகிறது. ஸ்காலப் அங்கேயே அவுட்.

அடுத்தது கீல். ஓடுகள் இரண்டும் சேருகிற மேல் விளிம்பு. இதுதான் முக்கியமான இடம், இதைப் படமெடுக்காமல் விட்டால் பாதி வேலை வீண். காக்கிளின் கீல் வளைந்திருக்கும், அதில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குப் பற்கள் இருக்கும். வீனஸ் மட்டி என்கிற கூட்டத்தில் மூக்குக்கு, அதாவது கீலுக்கு மேலே துருத்தி நிற்கிற நுனிக்கு, கீழே ஒவ்வொரு ஓட்டிலும் மூன்று பற்கள் விரிந்து நிற்கும். ஆர்க் குடும்பத்தில் மட்டும் கீல் கிட்டத்தட்ட நேர்கோடாக ஓடி, அதில் சின்னச் சின்னப் பற்கள் சீப்பு மாதிரி வரிசையாக நிற்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வரிசை தெளிவாகவே தெரிகிறது. மூக்குக்கும் கீலுக்கும் நடுவில் தட்டையான ஒரு பரப்பும் இருக்கிறது பாருங்கள், உயிரோடு இருந்தபோது இணைநார் ஒட்டியிருந்த இடம் அது. இதற்கு மேல் காக்கிள் என்ற பேச்சே இல்லை.

சரி, ஆர்க் என்று தெரிந்துவிட்டது, அதில் எது? இப்போதுதான் வெளிப்பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். வரிகளை எண்ணினேன், 18 வருகிறது. வரிகள் ஒவ்வொன்றும் அகலமாக, நடுவில் நல்ல இடைவெளி விட்டு நிற்கின்றன. மேலே மூக்குப் பக்கம் அலையில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, ஆனால் ஓரத்துக்குக் கிட்டே வரிகளின் மேல் குட்டிக் குட்டி முடிச்சுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. 15இலிருந்து 20 வரை வரி, வரி மேல் முடிச்சு, உருண்டு உப்பிய உடம்பு, மூன்றும் சேர்ந்தால் டெகில்லார்கா கிரனோசா. லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்த இனம். பழைய புத்தகங்களில் அனடாரா கிரனோசா என்று இருக்கும், தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள். இதே கரையில் கிடைக்கிற அனடாரா ஈனிக்விவால்விஸ் என்கிற உறவுக்காரருக்கு வரிகள் 30ஐத் தாண்டும், இட ஓடு வல ஓட்டைவிடப் பெரிதாகி ஓரத்தில் மேலே படிந்து நிற்கும். டெகில்லார்கா ராம்பியா என்று ஒன்று இருக்கிறது, அதுதான் கொஞ்சம் குழப்பும், அதற்கு வரி இதைவிடக் கூடுதல். அதனால் எண்ணாமல் பெயர் சொல்லாதீர்கள். தேய்ந்த சிப்பியில் வரிகளை ஓரத்திலிருந்து எண்ணுவதுதான் எளிது.

ஒரு விஷயம் பாக்கி. தழும்பு இரண்டையும் இணைத்து ஓரத்துக்கு இணையாக மெல்லிய கோடு ஒன்று ஓடும். மேன்டில் என்கிற சதைப்போர்வை ஓட்டில் ஒட்டியிருந்த எல்லை. சில மட்டிகளில் இந்தக் கோடு பின்பக்கத் தழும்புக்கு அருகே உள்ளே மடங்கி ஒரு வளைவு போடும், தண்ணீரை உறிஞ்சவும் வெளியேற்றவும் பயன்படும் சைபன் குழாயை உள்ளே இழுத்துக்கொள்ள விட்ட இடம் அது. வளைவு ஆழமாக இருந்தால் குழாய் நீளம், குழாய் நீளமென்றால் அந்த மட்டி மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து வாழ்ந்தது என்று அர்த்தம். உங்கள் சிப்பியில் வளைவே இல்லை. ரத்த மட்டிக்குச் சைபன் கிடையாது, சேற்றின் மேல்தோலிலேயே பாதி புதைந்து கிடக்கும். செத்த ஓட்டை வைத்து அது எத்தனை ஆழத்தில் குடியிருந்தது என்று சொல்ல முடிகிறதே, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சேற்றில் வாழ்கிறது சில்வர் பீச் மணலுக்கு எப்படி வந்தது என்று அடுத்து கேட்பீர்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் உப்பனாறும் கெடிலமும் கடலில் சேருகின்றன, வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுவாயைப் புரட்டிப்போடும்போது ஓடுகள் வெளியே வந்து அலையோடு நகரும். கரையில் கிடப்பதால் அது அங்கேயே வாழ்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: வீராம்பட்டினம் கரையில் சின்னச் சின்ன முக்கோணச் சிப்பிகள் வெள்ளை, ஊதா, பழுப்பு, கோடு போட்டது என்று பல நிறத்தில் இருக்கின்றன. எத்தனை இனம் அண்ணா? சில சிப்பி கறுப்பாகவும் இருக்கிறது.
(எட்டாம் வகுப்பு மாணவர், வீராம்பட்டினம்)

பதில்: தம்பி, படத்தில் இருக்கிறவை எல்லாம் டோனாக்ஸ். அலை பின்வாங்கியதும் ஈர மணலில் விரலை விட்டால் சரசரவென்று உள்ளே புதையுமே, அதுதான். நிறத்தை நம்பி இனம் பிரிக்காதே. ஒரே டோனாக்ஸ் இனத்துக்குள்ளேயே இத்தனை நிறமும் வரும். வடிவத்தைப் பார்: ஒரு பக்கம் நீண்டு, இன்னொரு பக்கம் வெட்டினாற்போல் குட்டையாக முடியும். அந்தக் குட்டைப் பக்கம்தான் அதன் பின்பக்கம், பலரும் தலைகீழாகச் சொல்வார்கள். ஒன்றில் மட்டும் முதுகில் கூர்மையான விளிம்பு ஓடி, ஒரு முனை அலகு போல நீண்டு, உள்ளே ஊதாவாக இருக்கிறதே, அதைத் தனியாக எடுத்து வை. அது டோனாக்ஸ் ஸ்கார்ட்டம், வேறு இனம்.

கறுப்பு மட்டும் இயற்கை நிறம் இல்லை. காற்றுப் புகாத சேற்றில் ரொம்ப நாள் புதைந்து கிடந்தால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து ஓட்டைக் கறுப்பாக்கிவிடும். வெயிலில் கிடந்தால் நேர்மாறாக வெளுத்துப் போகும்.

இது இட ஓடா வல ஓடா என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறாய். சிப்பியின் உள்பக்கம் உன்னைப் பார்க்கட்டும், மூக்கு மேலே இருக்கட்டும். மேன்டில் கோட்டில் வளைவு எந்தக் கைப்பக்கம் இருக்கிறதோ அதுவே அந்த ஓடு. இடக்கைப் பக்கம் என்றால் இட ஓடு. வளைவே இல்லாத ரத்த மட்டி மாதிரி ஆட்களிடம் இந்த வித்தை செல்லாது.

கேள்வி: பொறுக்கி வந்த சிப்பிகளில் பாதிக்கு மேல் மூக்குக்குப் பக்கத்தில் வட்டமாக ஓட்டை இருக்கிறது. டிரில் போட்ட மாதிரி அவ்வளவு சுத்தம். என் பெண் நூலில் கோர்த்து மாலையே செய்துவிட்டாள். மனுஷன் போட்டதா?
(வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: மாலையை நான் மெச்சினேன் என்று பெண்ணிடம் சொல்லுங்கள். ஓட்டை போட்டது நத்தை. கொலை நடந்த இடம் என்றே சொல்லலாம்.

நாட்டிசிடே என்கிற நிலா நத்தைக் கூட்டம் மணலுக்கு அடியில் ஊர்ந்து போய் மட்டியைப் பிடித்து, பெரிய பாதத்தால் சுற்றி அமுக்கிவிடும். அப்புறம் அவசரமே படாது. ஒரு சுரப்பியால் மட்டியின் ஓட்டுப் பரப்பை இளக வைக்கும், நாக்கில் இருக்கிற பல்வரிசையால் சுரண்டும், மறுபடி இளக வைக்கும், மறுபடி சுரண்டும். மணிக்கணக்கில் நடக்கிற வேலை இது. துளை விழுந்ததும் வாயை உள்ளே நீட்டித் தின்றுவிடும். ஓட்டையின் ஓரத்தைப் பாருங்கள்: வெளியே அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகியும் சரிந்து இறங்கினால் நிலா நத்தை. சரிவில்லாமல் நேராக இறங்கினால் பெரும்பாலும் முரிசிடே குடும்பத்து நத்தை, முள்ளு முள்ளாக ஓடு வைத்திருக்குமே அந்த இனம். சில சிப்பிகளில் பாதியில் நின்றுபோன குழியும் கிடைக்கும், குழி நடுவே சின்ன மேடு இருந்தால் அதுவும் நிலா நத்தை வேலைதான். அந்த மட்டி அன்றைக்குத் தப்பித்துவிட்டது.

தடித்த ஆயிஸ்டர் ஓட்டில் கொத்துக்கொத்தாகச் சின்னத் துளைகள் இருந்தால் அது வேறு கதை, கிளியோனா என்ற துளைக்கும் கடற்பஞ்சு. ஒழுங்கில்லாமல் கிழிந்த மாதிரி ஓட்டை என்றால் அலை தேய்த்தது. மாலைக்கு எது ஆனாலும் சரி.

கேள்வி: சுற்றுலா போன இடத்தில் வாங்கிய விளக்கின் மறைப்பு உடைந்துவிட்டது. கண்ணாடி என்று நினைத்தால் சிப்பி மாதிரி அடுக்கு அடுக்காக உதிர்கிறது. இது நிஜமாகவே சிப்பியா?
(வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி)

பதில்: நிஜமாகவே. பிளாக்குனா பிளசென்டா, ஜன்னல் சிப்பி. கோவாவில் பழைய வீடுகளின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் இதைத்தான் சதுரமாக வெட்டிப் பதித்தார்கள், பிலிப்பைன்ஸிலும் அப்படியே. காகிதம் போலத் தட்டை, வெளிச்சம் ஊடுருவும், முழு ஓடு கிடைத்தால் உள்ளே கீல் இருக்கிற இடத்தில் தலைகீழ் வி போல இரண்டு மேடுகள் விரிந்து இறங்கும், நடுவில் ஒரே தழும்பு. வேறு எதோடும் குழம்பாது. இனிமேல் வாங்காதீர்கள் என்பது என் யோசனை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இந்த இனம் இருக்கிறது, ராட்சத மட்டியான டிரிடாக்னாவும் இருக்கிறது. கடைக்காரர் எல்லாம் ஓகே சார் என்பார்.

கேள்வி: எண்ணூர் பக்கம் காக்கா ஆழி பரவிவிட்டது என்கிறார்கள். நம் பக்கம் பாறையிலும் படகிலும் ஒட்டியிருப்பது அதுவா, பச்சை ஆழியா?
(மீன்பிடித் தொழில் செய்யும் வாசகர், தாழங்குடா)

பதில்: ஆழி என்றால் பாறையிலும் படகிலும் கொத்தாக ஒட்டி வாழும் சிப்பி வகை. காக்கா ஆழி என்பது மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா, அமெரிக்காவின் வெப்பக் கடல்களைச் சேர்ந்தது. கேரளக் காயல்களிலும் எண்ணூர்ப் பக்கமும் பெருகி, சேற்றின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, மஞ்ச மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களிலும் இருப்பது பச்சை ஆழி, பெர்னா விரிடிஸ். ஓரம் முழுக்கப் பளிச்சென்று பச்சை, மூக்கு நுனியில் கூராக முடிகிறது, உள்ளே நீலம் கலந்த வெள்ளைப் பளபளப்பு. திறந்து பார்த்தால் மூக்குப் பக்கம் முன் தசைத் தழும்பே இருக்காது, பெர்னாவுக்கு அது கிடையாது. கறுப்பு அல்லது கரும்பழுப்பாக, சின்னதாக, உள்ளே ஊதா அடித்தது கொத்தாகக் கிடைத்தால் அப்படியே உள்பக்கமும் சேர்த்துப் படமெடுத்து, எந்த ஆற்றுவாய் என்ற விவரத்தோடு பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் மையத்துக்குக் காட்டுங்கள். வெள்ளாற்றங்கரையில் உட்கார்ந்து பல பத்தாண்டுகளாக இதே வேலையைச் செய்கிறவர்கள், பத்திரிகைக்காரன் என்னைவிட அவர்கள் சொல்வதுதான் செல்லும். பிய்த்து எடுத்ததைத் திரும்ப ஆற்றில் போடாதீர்கள்.

கேள்வி: ரத்த மட்டியை உடைத்தால் நிஜமாகவே சிவப்பாகக் கசிகிறதே, கெட்டுப்போனதா? சாப்பிடலாமா?
(வாசகி, கடலூர் முதுநகர்)

பதில்: கெட்டுப்போனதில்லை. பெரும்பாலான மட்டிகளின் ரத்தத்துக்கு நிறம் கிடையாது, இதற்கு மட்டும் நமக்கு இருக்கிற மாதிரி ஹீமோகுளோபின் இருக்கிறது. காற்று குறைவான சேற்றில் குடித்தனம் நடத்த அது உதவுகிறது. காக்கிநாடா விரிகுடாவில் இதை நிறையப் பிடிக்கிறார்கள், மலேசியாவில் கெராங் என்று விரும்பிச் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்கிற பிராணி, தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் உடம்பில் சேரும். 1988இல் ஷாங்காயில் இதன் உறவுக்கார இனத்தை அரைவேக்காட்டில் தின்று ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. அதனால் வாங்கும்போது உயிரோடு இருக்க வேண்டும், வாய் பிளந்திருந்தால் தட்டிப் பாருங்கள், மூடவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். இணைநார் எப்போதும் ஓட்டைத் திறக்கத்தான் பார்க்கும், மூடி வைத்திருப்பது உயிருள்ள தசை. அரைவேக்காடு வேண்டவே வேண்டாம். சாக்கடை கலக்கிற இடத்தில் எடுத்த மட்டியை எவ்வளவு வேகவைத்தாலும் நான் சாப்பிட மாட்டேன், உலோகக் கழிவெல்லாம் வேகாது.

கேள்வி: எங்கள் நிலத்தில் தோண்டும்போது கல்லாகிப்போன சிப்பி வந்தது. கடல் இங்கிருந்து ரொம்ப தூரம். பெயர் சொல்ல முடியுமா?
(வாசகர், வானூர் வட்டம்)

பதில்: புதுச்சேரிக்கு மேற்கே வழுதாவூர், சேதராப்பட்டு சுற்றுவட்டாரத்தில் கிரிட்டேசியஸ் காலக் கடற்படிவங்கள் தரைக்கு அருகிலேயே இருக்கின்றன. டைனோசர்கள் இருந்த காலத்தின் கடைசிப் பகுதி, 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அப்போது கடல் உங்கள் நிலத்தின் மேல் இருந்தது. காய், கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பக்கம் சேகரித்துக் கொடுத்ததை வைத்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இலேயே விவரித்து எழுதிவிட்டார். திருவக்கரையின் கல்மரத்தைப் பார்க்க வருகிறவர்களில் பலருக்கு இப்படிக் கடற்சிப்பியும் பக்கத்திலேயே கிடைக்கிறது என்று தெரியாது.

பெயர்? இந்தப் படத்தை வைத்து முடியாது. நீங்கள் கையில் வைத்திருப்பது அநேகமாக ஓடே இல்லை, ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு. ஓடு கரைந்துபோய் உள்ளச்சு மட்டும் நின்றிருக்கிறது, அதனால்தான் வெளிவரி எதுவும் தெரியவில்லை. அதில் ஒரு லாபமும் உண்டு: தசைத் தழும்பும் மேன்டில் கோடும் கல்லில் பதிந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதையும் காட்டாதீர்கள், சுண்ணாம்புச் சத்து கரைந்துவிடும். காலை வெயிலில் சாய்த்து வைத்து இரண்டு பக்கமும், மூக்குப் பக்கம் மேலிருந்தும், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். எத்தனை அடி ஆழத்தில் வந்தது, மேலே என்ன மண், கூட வேறு என்ன வந்தது என்பதையும் எழுதுங்கள். மற்ற துண்டுகளை வரப்பில் கொட்டியிருந்தால் அதையும் ஒரு சாக்கில் அள்ளி வையுங்கள்.